பதினெட்டாம் போர் வரை – 6: முன்கூட்டி வந்த அமாவாசை

சென்ற வாரம் அர்ச்சுனன் மகன் அரவானைத் துரியோதனனுக்கு வாக்குக் கொடுத்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். போர் தொடங்கும் முன் களபலி கொடுக்கும் பக்கத்துக்கே வெற்றி. பலியாகிறவன் சர்வ லட்சணமும் பொருந்தியவனாக இருக்க வேண்டும். பலி அமாவாசையன்று நடக்க வேண்டும். இந்த விதிகளைத் துரியோதனனுக்குச் சொன்னவன் சகாதேவன். எதிரியே வந்து கேட்டாலும் ஏட்டில் இருப்பதை மறைக்காத சோதிடன் அவன். அரவானோ, பெரியப்பா வீடு தேடி வந்து கேட்கிறாரே என்று தன் தலையைத் தருவதாகச் சொல்லிவிட்டான். நாளை மறுநாள் அமாவாசை. பாண்டவர்களுக்கு இனி வழியில்லை.

கண்ணன் என்ன செய்தான்? சகாதேவனைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அரவானை வாக்குத் தவறச் சொல்லவில்லை. களபலி என்ற விதியே செல்லாது என்றும் அறிவிக்கவில்லை. மறுநாள் சதுர்த்தசி. அன்று காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீருமாகத் தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்துவிட்டான். கண்ணனே கொடுக்கிறான் என்றால் இன்றுதான் அமாவாசை போலிருக்கிறது என்று முனிவர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வானத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் குழப்பம். இரண்டு பேரும் சேர்ந்து கீழே ஓடி வந்தார்கள்.

“அமாவாசை நாளைக்குத்தானே?”

“அமாவாசை என்றால் என்ன?”

“நாங்கள் இருவரும் ஒன்றாகச் சேரும் நாள்.”

“இப்போது எப்படி நிற்கிறீர்கள்?”

அவ்வளவுதான். அமாவாசை ஒரு நாள் முன்கூட்டி வந்துவிட்டது. துரியோதனன் நாளைக்கென்று ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். அரவான் வாக்குக் கொடுத்த அமாவாசை வந்தது, கேட்டவன் வரவில்லை. வாக்குப் பிசகாமல் அரவான் பாண்டவர் பக்கம் பலியானான்.

இந்தக் கதையைக் கூத்தாக ஆடுகிற செய்யாறு, ஆரணி, வந்தவாசி சுற்றுவட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில் இல்லாத பெரிய ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பங்குனி சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும் ஒவ்வொரு ஊராகப் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துக் கதை சொல்வார். இரவில் அதே கதையைக் களரியில் கூத்தாக ஆடுவார்கள். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று போய்க் கடைசியில் பதினெட்டாம் போர். அந்தக் காலையில் படுகளம். ஊர் வெளியில் மண்ணால் செய்து படுக்கவைத்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் தொடையில் பீமன் அடிப்பான். மாலையில் தீமிதி. ஆண்டுகள் பல நூறு கடந்தும் முடியாத ஆட்டம் இது. இத்தனை காலம் ஓர் ஆட்டம் ஓடினால் அதன் விதிகளில் எத்தனையோ முறை கை வைக்க வேண்டியிருக்கும். எப்படிக் கை வைப்பது? கண்ணன் ஆற்றங்கரையில் காட்டிய வழிதான் இந்த மண்ணின் வழி. பழைய விதியை அழிக்காதே. அதைப் பொய்யாக்காமலேயே புதியதற்கு இடம் பண்ணு.

இதை நான் சும்மா சொல்லவில்லை. சாட்சி செய்யாற்றுக்குப் பக்கத்திலேயே, வந்தவாசியை அடுத்த தெள்ளாற்றில் இருக்கிறது.

✦

9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தெள்ளாற்றில் ஒரு பெரிய போர். பல்லவ அரசன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை அங்கே முறியடித்தான். அன்று முதல் அவனுக்குத் ‘தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்’ என்று பெயர். அந்த வெற்றியைப் புகழும் ஒரு புலவர் பாரதக் கதையை வெண்பாவில் பாடினார். பெருந்தேவனார். அவருடைய பாரத வெண்பா முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. உத்தியோகம், வீட்டுமம், துரோணம் என்ற பருவங்கள்தான் கைக்கு வந்திருக்கின்றன. அந்த மிச்சத்துக்குள் ஒரு புதையல் இருக்கிறது. அரவான் களபலியாகும் கதையைச் சொல்லும் மிகப் பழைய நூல் அதுதான்.

வியாசர் பாரதத்தில் களபலி கிடையாது. அங்கே அர்ச்சுனனுக்கும் நாக கன்னிகை உலூபிக்கும் பிறந்தவன் இராவான். போரின் 8-ஆம் நாள் அலம்புசன் என்ற அரக்கன் கையால் மடிகிறான். தமிழில் அவன் போருக்கு முன்பே தன்னைப் பலி கொடுத்துவிடுகிறான் என்றால், 8-ஆம் நாள் சாவதற்கு யார் இருக்கிறார்கள்? ஒரே பாத்திரத்துக்கு இரண்டு சாவு. எது உண்மை என்று அடித்துக்கொள்ளப் போதுமான விஷயம்.

பெருந்தேவனார் அடித்துக்கொள்ளவில்லை. தன்னைப் பலியாகத் தருகிற அரவான் கண்ணனிடம் வரம் கேட்கிறான்: 8-ஆம் நாள் போர்க்களத்தில் வீரனாகச் சாக வேண்டும். வரம் கிடைக்கிறது. களபலியும் நடந்தது, வியாசர் சொன்ன 8-ஆம் நாளும் பொய்யாகவில்லை. பின்னால் வந்த வில்லிபுத்தூரார் அந்த வரத்தைச் சற்றே மாற்றி, பலியான பின்னும் சில நாள் போரைப் பார்க்கும் வரமாக வைத்தார். கூத்துக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். வெட்டுண்ட தலை 18 நாள் போரையும் கண் மூடாமல் பார்க்கட்டும் என்றார்கள். கூவாகத்தில் அதற்கும் மேலே ஒரு வரம்: சாகும் முன் ஓர் இரவாவது கல்யாணம் ஆனவனாக இருக்க வேண்டும். கண்ணனே மோகினியாகி மாலை சூடினான். சித்திரை மாதத்தில் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் அங்கே தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது இந்த ஒரு வரத்தின் பேரில்தான்.

ஒரு விதி, அதன் மேல் ஒரு விதி, அதன் மேல் இன்னொன்று. எதையும் கிழித்துப் போடவில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்னப் பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று குறும்புத்தகங்கள். முதல் அச்சு 1,000 பிரதி. பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்று, வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி, பகடை உருட்டி ஒரு கற்பனை உலகத்துக்குள் போகும் ஆட்டம். கதையை நடத்த ஒருவர் தனியாக இருப்பார். அச்சிட்ட விதிகள் வெறும் வழிகாட்டிதான், உங்கள் மேசைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது முதலிலிருந்தே இருந்த எண்ணம். ஆகவே ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வீட்டு விதி. கனடாவில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் 1982-இல் தொடங்கிய ஆட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகிறது; விதிகளை அவரே திருத்தி வைத்துக்கொண்டிருக்கிறார். நெடுங்காலம் ஓடும் எந்த ஆட்டத்திலும் விதியைத் திருத்த உட்காரும்போது வருகிற முதல் சண்டை ஒன்றே: பழைய விதிப்படி செத்தவனை இனி என்ன செய்வது? அவர்கள் மேசையில் அந்தக் கேள்வி எழுவதற்கு 1,100 ஆண்டுகளுக்கு முன்பே நந்திவர்மன் காலத்துப் புலவர் அதற்கு விடை எழுதிவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்கள் உருட்டும் பகடையில் என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. நம் களரியில் சகுனி உருட்டும் பகடையில் என்ன விழும் என்று ஊருக்கே தெரியும். தகப்பன் எலும்பில் கடைந்த பகடை அவன் சொன்னதைத்தான் கேட்கும். முடிவு இப்படித் தெரிந்த ஆட்டத்தில் விதியை மாற்ற என்ன இருக்கிறது? யார் ஆடலாம், எவ்வளவு நேரம் ஆடலாம், எந்த வெளிச்சத்தில் ஆடலாம் என்பது இருக்கிறது. உண்மையான சண்டைகள் எல்லாம் அங்கேதான் நடந்தன.

✦

முதலில் ஏடு. சென்னையில் பி. இரத்தின நாயகர் அன் சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் கூத்து நாடகங்களை மலிவுப் புத்தகமாக அச்சிட்டுத் தேரடியிலும் சந்தையிலும் விற்றார்கள். கூத்து வாத்தியார்களிடம் அந்தப் புத்தகம் இருக்கும். அதோடு கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருக்கும். பாட்டனார் போட்ட விருத்தம், தான் கட்டிய தரு, இந்த ஊரில் இந்தப் பாட்டைப் பாடாதே என்கிற குறிப்பு எல்லாம் அதில்தான். அச்சுப் புத்தகத்தை யாரும் வாங்கலாம். நோட்டு வாத்தியார் வீட்டை விட்டு வெளியே போகாது. புரிசை வாத்தியார்கள் ஆட்டம் ஒரு மாதிரி, பெருங்கட்டூர் வாத்தியார்கள் ஆட்டம் ஒரு மாதிரி என்று ரசிகர்கள் பிரித்துச் சொன்னதற்கு அந்த நோட்டும் ஒரு காரணம்.

பிறகு வெளிச்சம். தீவட்டி பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆள் நின்ற காலத்தில் மரத்தில் செதுக்கிய கட்டைகளுக்கு ஒரு வேலை இருந்தது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாவற்றிலும் கண்ணாடித் துண்டு பதித்திருப்பார்கள். துரியோதனன் கிறுக்கி அடித்துச் சுழலும்போது தீவட்டியின் ஒளி அந்தக் கண்ணாடிகளில் தெறித்து அவன் உடம்பே எரிவதுபோல இருக்கும். பெட்ரோமாக்ஸ் வந்தது, அந்தத் தெறிப்பு பாதியாகக் குறைந்தது. குழல் விளக்கு வந்தது. எல்லாம் சமமாக வெளுத்துப்போனது. இருந்தும் குத்துவிளக்கையும் கற்பூரத்தையும் எடுத்துவிடவில்லை. மின்விளக்கு வெளிச்சம் காட்டியது. கற்பூரம் சாமியைக் காட்டியது.

ஒலிபெருக்கி செய்த மாற்றம் இதைவிடப் பெரியது, அதிகம் பேசப்படாதது. முன்பெல்லாம் ஆட்டக்காரர் பாடும் ஒவ்வொரு அடியையும் பின்பாட்டுக்காரர்கள் திரும்பப் பாடுவார்கள். கடைசி வரிசையில் இருக்கும் கிழவிக்கும் கேட்க வேண்டுமே! அந்த இடைவெளியில் ஆட்டக்காரர் மூச்சு வாங்குவார், அடவு வைப்பார், களரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். மைக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட நாளில் அந்தச் சுற்று சுருங்கியது. பாடுவதற்கு மைக்கின் அடியில் வந்து நிற்க வேண்டும். வட்டமாக இருந்த களரி ஒரு புள்ளியாகிவிட்டது. இதை யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் மைக் வைத்தார்கள், ஆட்டக்காரர்கள் அதன் கீழ் வந்தார்கள். பின்பாட்டு இன்றும் இருக்கிறது. அது வெறும் எதிரொலியாகத் தேயாமல் நல்ல வாத்தியார்கள் இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுபதுகளின் நடுவில் புரிசை நடேசத் தம்பிரான் சென்னைக்கு வந்து ஆடினார். புரிசை செய்யாறு வட்டாரத்து ஊர். நகரத்து அவைக்கு விடிய விடிய உட்கார நேரமில்லை. இரவு ஒன்பது பத்துக்குத் தொடங்கி வெள்ளி முளைத்து வெளுக்கும்வரை ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும். அன்று பார்த்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் ந. முத்துசாமி. தமிழில் நாடகம் என்று தாங்கள் தேடிக்கொண்டிருந்தது இங்கே இருக்கிறது என்று அவர் எழுதவும் பேசவும் தொடங்கினார். 1977-இல் கூத்துப்பட்டறை பிறந்தது. நடேசத் தம்பிரானுக்குப் பின் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் அங்கே கற்றுக்கொடுத்தார். நகரமும் களரியும் ஒன்றையொன்று கண்டுகொண்டது அப்படித்தான்.

ஆனால் அந்தச் சுருக்கத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரக் கூத்தில் முதலில் பலியாவது திரை. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்கும், முகவீணை இழுக்கும், கிரீடத்தின் நுனி தெரியும், மறையும். கட்டியக்காரன் முன்னால் வந்து “யாரய்யா நீர்?” என்று சீண்டுவான். துரியோதனன் திரையை விலக்கி முழுசாக வெளியே வர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில்தான் பகலெல்லாம் ஏர் ஓட்டியவரும் தறியில் குனிந்தவரும் ராஜாவாகிறார்கள், பார்க்கிறவர்களும் அவர்களை ராஜாவாக ஏற்கிறார்கள். அதை வெட்டினால் கதை மிஞ்சும், கூத்து மிஞ்சாது. இது அமாவாசையை முன்கூட்டி வரவைப்பது அல்ல. அமாவாசையே வேண்டாம் என்பது.

கண்ணப்பத் தம்பிரானுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது. கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் கதை ஒன்றை, பெரிய சிறகுகளோடு முற்றத்தில் வந்து விழுந்து கோழிக் கொட்டடியில் அடைபடும் கிழவனின் கதையை, புரிசையார் கூத்தாக ஆடினார்கள். கதை ஏழு கடல் தாண்டி வந்தது. அது ஏறி நின்றதோ தருவும் அடவும் கட்டியக்காரனும் உள்ள அதே களரியில். புதியது உள்ளே வந்தது, பழையது எதுவும் வெளியே போகவில்லை.

✦

இனி, இத்தனை நேரம் தள்ளிப்போட்ட கேள்வி. திரௌபதி வேடத்தைப் பெண் கட்டலாமா?

தலைமுறை தலைமுறையாக ஆண்களே கட்டினார்கள். பெண்ணுக்குத் தீட்டு, களரியோ அம்மன் சந்நிதி என்றார்கள். ராத்திரி ஊர் ஊராகப் போக வேண்டும், குடும்பப் பெண்ணுக்கு ஆகுமா என்றார்கள். மேடை நாடகத்தில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தி, அவர் நாடகம் பார்க்கச் சிறப்பு ரயிலே விட்ட காலத்துக்குப் பிறகும் கூத்துக் களரியின் கதவு பெண்ணுக்குத் திறக்கவில்லை. இத்தனைக்கும் செய்யாறு எந்த ஊர்? தேவாரம் திருவோத்தூர் என்று சொல்லும் ஊர். காய்க்காமல் நின்ற ஆண்பனைகள் ஞானசம்பந்தர் பாடியதும் குலை தள்ளிப் பெண்பனைகளாயின என்று வேதபுரீசுவரர் கோயிலில் இன்றும் காட்டுகிற ஊர். ஆண் பெண்ணாவதை வணங்கும் மண்ணில், பெண் பெண்ணாகவே வந்து ஆடத்தான் தடை.

தடை உடைந்தது செய்யாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில். பெருங்கட்டூர் வாத்தியார் வீட்டுப் பிள்ளை பெ. ராஜகோபால் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தவர்களில் முதன்மையானவர். அவரும் நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்து இங்கேயே வாழ்க்கைப்பட்ட ஹன்னே டி பிரௌனும் 2002-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பகலில் பள்ளிக்கூடப் படிப்பு, கூடவே கூத்து. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். அந்தப் பெண்கள் திரௌபதியோடு நிற்கவில்லை. கட்டை கட்டிக்கொண்டு ஆண் வேடங்களிலும் இறங்கினார்கள். புரிசைக் களரியிலும் பெண்கள் வந்தார்கள். குருகுலம் 2020-இல் மூடப்பட்டாலும் திறந்த கதவை யாரும் சாத்தவில்லை.

இதை நான் கண்ணனின் வழி என்பேன். பெண் வந்ததால் திரை போகவில்லை, அடவு போகவில்லை, விடியும்வரை ஆடுவது போகவில்லை. எல்லா விதியும் அப்படியே நின்றது. ஆடுகிற உடம்பு மட்டும் மாறியது.

ஆனால் இந்த ஆட்டத்தில் யாரும் தொடத் துணியாத விதி ஒன்று உண்டு. துகிலுரிதல் இரவு. சுற்றிலும் ஆரணிப் பட்டு நெய்கிற ஊர்கள். சேலையின் அருமை தெரிந்த சனம். சூதில் எல்லாம் போனது. துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்துவிட்டான். இனி சேலையில் கை வைக்க வேண்டும். பல ஊர்களில் அந்தக் கணத்தில் ஆட்டம் நின்றுவிடும். மத்தளம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேடக்காரர் அரிதாரத்தோடும் கட்டையோடும் திரௌபதியின் காலில் விழுவார். தாயே, இது வேடம், வயிற்றுப் பிழைப்பு, கதைப்படி செய்கிறேன், என் மேல் குற்றம் வைக்காதே என்று கெஞ்சுவார். கூட்டத்தில் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சாமி வந்து ஆடுகிறவர்களும் உண்டு. அதன் பிறகே எழுந்து சேலையைப் பற்றுவார். அந்த ஊர்களில் மன்னிப்புக் கேட்காமல் கை வைத்த துச்சாதனன் கிடையாது. வெளிச்சம் மாறியது, மைக் வந்தது, நேரம் சுருங்கியது, பெண்கள் வந்தார்கள். இந்த விதியில் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை.

2016. புதுச்சேரி. பாரிஸை அடுத்த வென்சென் காட்டில், பழைய தோட்டாத் தொழிற்சாலை ஒன்றில் நாடகம் நடத்தும் தியேட்டர் து சொலெய் குழுவின் நடிகர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர்களை நடத்தும் அம்மையார் அரியான் முனுஷ்கின். தமிழ் தெரியாத பல நாட்டு நடிகர்கள். கண்ணப்பத் தம்பிரானின் மகன், பின்னாளில் 2025-இல் பத்மஸ்ரீ பெறவிருக்கும் புரிசைக் கண்ணப்ப சம்பந்தன், அவர்களுக்குக் கூத்துக் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறார். தங்கள் புதிய நாடகத்துக்கு அவர்கள் கேட்ட பாரதக் காட்சிகளில் ஒன்று துகிலுரிதல்.

அடவு சொல்லிக்கொடுக்கலாம். தருவை ஒவ்வொரு சொல்லாக வாயில் போடலாம். கட்டை கட்டிவிடலாம். ஆனால் வென்சென் காட்டில் திரௌபதியம்மன் கோயில் இல்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டமும் இல்லை. அங்கே சேலையில் கை வைக்கப்போகும் துச்சாதனன் யார் காலில் விழுவான்?

(தொடரும்)